மலையிடம் சண்டைக்குப் போன பல்கீஸ் டீச்சர்

புதன்கிழமை காலை சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பல்கீஸின் தம்பி சையது போன் செய்தான். "டீச்சர், அக்கா மவுத்தாயிட்டாக" என்றான். விடிகாலை ஃபஜ்ரு தொழுகைக்கு எழுப்பப் போனவன், உறக்கத்திலேயே அடங்கியிருந்த அக்காவைப் பார்த்திருக்கிறான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். மீனைப் பாத்திரத்தோடு பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, கை வாடையோடு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவளிடம் புவியியல் படித்தவர்கள். உங்களுக்கு அவர் பல்கீஸ் டீச்சர். நான் காரைக்குடியில் அதே பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். ஆசிரியர் அறையில் அவளுக்கும் எனக்கும் ஒரே மேசை. மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்பதில் தொடங்கிய சண்டை ஓய்வு பெறும்வரை ஓயவில்லை. அவளை மரியாதைப் பன்மையில் எழுதினால் அவளே வாய்விட்டுச் சிரிப்பாள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை மறைவுப் பிரதேசம் என்ற பாடத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வளர்ந்த பிள்ளைகளைக் கைகோத்து மைதானத்தின் நடுவே நிறுத்துவாள். அவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலை. ஒரு பக்கமிருந்து வாளியும் குவளையுமாக ஓடிவருகிற பிள்ளைகள் பருவக்காற்று. மலையில் மோதியதும் தண்ணீரை அங்கேயே கொட்டிவிட வேண்டும். மலைக்கு மறுபுறம் வரிசையாக நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொட்டு வராது. "நீங்கதாண்டி சிவகங்கை மாவட்டம். தாகமா இருந்தா மலையப் போயிக் கேளுங்க" என்பாள். நனைந்த சீருடைகளைப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியை கூப்பிட்டு விசாரித்தபோது, சிவகங்கைப் பிள்ளைகள் ஒருத்திகூட நனையவில்லையே, பாடம் சரியாகத்தானே நடந்திருக்கிறது என்று பதில் சொன்னாள். எனக்கு அன்று வகுப்பு எடுக்கவே முடியவில்லை, அப்படிச் சிரித்தேன்.

இத்தனையும் நடத்தியவள் அந்த மலையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டில் மாமியார் படுக்கையில் இருந்தார், பிறகு கணவர் போனார், பிறகு மகன் ரியாஸின் படிப்பு. கோடை விடுமுறைதோறும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஜூன் மாதத்தில் செங்கோட்டைக் கணவாய்க்குப் போவேன், நம் மழையைத் தடுத்து வைத்திருக்கிற அந்த மலையிடம் நாலு வார்த்தை கேட்காமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓய்வும் பெற்றாள். அதற்குள் நுரையீரல் முந்திக்கொண்டது.

அது மெல்ல மெல்லச் சுருங்குகிற நோய். மூக்கில் குழாய் இல்லாமல் அரைமணி நேரம் இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. சின்னப் பீரோ போல இருக்கும், கரண்டு இருந்தால்தான் ஓடும், ஓடினால் முனகிக்கொண்டே இருக்கும். அவள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். "சதா தீனி போடணும், சதா முனகும், வீட்ட விட்டும் போகாது. வேற என்ன பேரு வைக்கிறது?" என்றாள். கரண்டு போனால் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் போனால் சிலிண்டர். தெருமுனைக்குப் போவதற்கே படையெடுப்புக்குத் தயாராவது போலத் தயாராக வேண்டும். இந்த நிலைமையில்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இந்த ஜூனில் மலைக்குப் போகிறோம் என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. புத்தி கித்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டேன். மழை நாம் போகிற அன்றைக்கே பெய்யுமா, பெய்யும்வரை எங்கே தங்குவது, மலையடிவாரத்தில் காற்றடித்தால் முதலில் போவது கரண்டுதானே என்று அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதனால்தான் வீட்டையே தூக்கிக்கொண்டு போகப் போகிறோம் என்றாள். சையது வைத்திருந்த பழைய டூரிஸ்ட் வேனின் இருக்கைகள் அதற்குள் கழற்றப்பட்டிருந்தன. உள்ளே ஒரு கட்டில், மடக்கு மேசை, ஒற்றை அடுப்பு, பின்பக்கம் கதவு போட்ட சின்னக் கழிப்பறை. வண்டி ஓடும்போது அதன் பேட்டரியிலிருந்தே மாப்பிள்ளைக்குக் கரண்டு. நிறுத்திப் போட்டால் அது சில மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சூட்கேஸ் அளவுக்கு, கையால் தூக்குகிற மாதிரி, பெட்ரோலில் ஓடுகிற ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஆக்கிப்போட வந்ததால் அதற்கு 'மாமியார்' என்று பெயர்.

சவூதியிலிருந்த ரியாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நடுவழியில் மெஷின் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிற பிள்ளை வேறு என்ன சொல்வான்? தனக்கு லீவு கிடைக்கும்வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினான். "பருவக்காத்து ஒன் லீவுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமாடா?" என்று கேட்டாள். பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வீட்டுக் கரண்டைத் தொடாமல், ஒருநாள் முழுக்க ஜெனரேட்டரிலேயே மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். அவன் வீடியோவில் பார்ப்பான். நின்றுவிட்டால் மலைப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

இந்த இடத்தில் என் அண்ணன் முருகேசன் உள்ளே வருகிறார். நாங்கள் ஆசாரிக் குடும்பம். ஜெனரேட்டர் புகை விஷம், அதை வண்டிக்குள் வைக்கவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், வண்டிக்குப் பின்னால் வெளியே ஓர் இரும்புத் தட்டு அடித்திருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமானை இப்படி அம்மணமாகவா வைப்பது என்று வருத்தப்பட்டார். எங்கள் ஊரில் மதிப்பான எதையும் பெட்டிக்குள் வைத்தால்தான் தூக்கம் வரும். வைரத்துக்கும் பெட்டி, வரமிளகாய்க்கும் பெட்டி. கொத்தமங்கலத்தில் பிரித்த வீடு ஒன்றின் தேக்கில் அவர் செய்துகொண்டு வந்த பெட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சரிவான மேற்கூரை, கதவில் அன்னமும் கொடியும், பித்தளைக் கைப்பிடி. புகைக்குழாய்க்கு மட்டும் பின்னால் அளவெடுத்து ஒரு துளை. ஒட்டடை நுழைய இடமில்லாத இழைப்பு.

சோதனை நாள் காலையில் தெருவே கூடிவிட்டது. அண்ணன் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். சையது பிஸ்மில்லாஹ் சொல்லிக் கயிற்றை இழுத்தான். மாமியார் ஒரே இழுப்பில் கிளம்பினாள். கதவைச் சாத்தியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. எல்லோரும் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். எரிவதற்குக் காற்று வேண்டும் என்று வருஷக்கணக்கில் பாடம் நடத்தியவள் நான், நானும் அன்னத்தின் கழுத்தைத்தான் ரசித்துக்கொண்டிருந்தேன். ஒருமணி நேரம் போயிருக்கும். இன்ஜின் விக்கத் தொடங்கியது. ஏறி இறங்கி, இரண்டு இருமல் இருமி, நின்றது. வண்டிக்குள் மாப்பிள்ளை கீச்சென்று அலறினான். நான் ஓடிப்போய் பல்கீஸின் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினேன். கைபேசியில் ரியாஸின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "இதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றான்.

பல்கீஸ் குழாயோடு பின் ஜன்னல் வரைக்கும் வந்து தலையை நீட்டி, பெட்டிக் கதவைத் திறக்கச் சொன்னாள். திறந்ததும் உள்ளேயிருந்து அடுப்படி போல அனல் அடித்தது.

"அதுக்கு மூச்சு முட்டிருச்சு. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?" என்றாள்.

சூடு ஆறும்வரை காத்திருந்து, கதவு திறந்தபடியே சையது கயிற்றை இழுத்தான். மறுபடி ஒரே இழுப்பு. ரியாஸ் மட்டும் மசியவில்லை, நின்றது நின்றதுதானே, பேச்சு பேச்சுதானே என்றான். அப்போதுதான் அவள் போனைக் கையில் வாங்கினாள்.

"ஒரு தடவ மூச்சு முட்டுனதுக்கே அடக்கம் பண்ணச் சொல்றியா? அப்புடிப் பாத்தா என்னைய எத்தன தடவ அடக்கம் பண்ணிருக்கணும்?"

சரி, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்கள் என்றான் ரியாஸ்.

அடுத்த சிக்கல் என் அண்ணன். பெட்டியில் ஓட்டை போடுவதா, அதற்கு என் கையை வெட்டிப் போடுங்கள் என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டார். பல்கீஸ் அவரை வரவழைத்துத் தேநீர் கொடுத்து, கோபமே இல்லாமல் கேட்டாள்: "ஏண்ணே, நீங்க வீடு கட்டுனா சன்னல் வைக்க மாட்டீகளா?" அண்ணன் தேநீரைக் குடித்து முடித்தார், எழுந்தார், பழைய சாமான் கடைத் தெருவுக்குப் போனார். ஏதோ ஒரு பெரிய வீட்டின் உத்தரத்துக்குக் கீழே இருந்த இரண்டு பூவேலைக் கம்பி ஜன்னல்களோடு திரும்பி வந்தார். காற்று நுழைய ஒரு பக்கம் கீழே ஒன்று, அனல் வெளியேற எதிர்ப்பக்கம் மேலே ஒன்று. சாரல் அடிக்காமலிருக்க இரண்டுக்கும் சாய்வுப் பலகை. இரண்டாவது சோதனையில் மாமியார் காலையிலிருந்து மாலைவரை ஓடினாள். பெட்ரோல் ஊற்றுவதற்கு நிறுத்தி ஆறவிட்ட நேரத்தில் பேட்டரி தாங்கிக்கொண்டது. மஃரிபு பாங்கு சொல்லும்போது ரியாஸ் போனிலேயே அல்ஹம்துலில்லாஹ் என்றான். பல்கீஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்த வயதில் கண்ணடிக்கிற டீச்சரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புறப்பட்டோம். பல்கீஸ், நான், சையது, கூப்பிடாமலே துணிப்பையோடு வந்து ஏறிக்கொண்ட அண்ணன். பெட்டிக்கு ஒன்று ஆனால் யார் பார்ப்பது என்று கேட்டார். செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் வண்டியைப் போட்டோம். வண்டி எங்கே நின்றாலும் முதல் வேலை பல்கீஸுக்குத்தான். முந்தானையை ஜன்னலுக்கு வெளியே பறக்கவிட்டு, காற்று எங்குட்டிருந்து வருகிறது என்று பார்ப்பாள். வண்டியின் முகம் காற்றைப் பார்த்து நிற்க வேண்டும், அப்போதுதான் பின்னாலிருந்து புகை உள்ளே வராது. சையது சோம்பல்பட்டு ஒருமுறை குறுக்கே நிறுத்தியதற்கு, எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டி மறுபடி திருப்ப வைத்தாள். இன்னொரு நாள் அவன் தேநீருக்காக மின்சாரக் கெட்டிலைச் சொருகிவிட்டான். மாமியாரின் சிவப்பு விளக்கு எரிந்து கரண்டு நின்றது. நான் பதறிக் கத்தினேன். அவள் தானாகவே குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளை சாப்பிடுகிற இலையில் கை வைக்கக் கூடாது என்று தெரியாதா என்று தம்பியைக் கேட்டாள்.

இரண்டு நாள் வெறும் காற்றுதான். தூறல் வந்து முகத்தைத் தொட்டுவிட்டு ஓடிப்போனது. எனக்கு உள்ளூரப் பயம். பெட்ரோல் இருக்கிறது, சோறு இருக்கிறது, ஆனால் அவளுடைய தெம்பு குறைந்துகொண்டே வந்தது. உதடு லேசாகக் கறுத்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொன்னேன். அவள் மறுத்துப் பேசக்கூட மூச்சைச் செலவு செய்யவில்லை, மலைப்பக்கம் கையை மட்டும் காட்டினாள். மூன்றாம் நாள் காலையில் மலைக்கு மேலே கருங்கல் சுவர் எழுப்பியது போல மேகம் நின்றது.

கணவாய் ஏறும்போது சாலை காய்ந்திருந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, அதற்கடுத்த வளைவில் மழை எங்களை அப்படியே வாங்கிக்கொண்டது. இப்படியொரு மழையை நான் காரைக்குடியில் ஐப்பசியில்கூடப் பார்த்ததில்லை. சாலையோரம் அகலமான இடத்தில், வண்டியின் முகம் மேற்கே பார்க்க நிறுத்தினோம். அந்த மழையில் திறந்து கிடக்கிற எந்த ஜெனரேட்டரையும் ஓட்ட முடியாது. மாமியார் தேக்குக் கூரைக்குக் கீழே, பூவேலை ஜன்னல் வழியே மூச்சு விட்டுக்கொண்டு, சொட்டு நனையாமல் ஓடினாள். அண்ணன் குடைகூடப் பிடிக்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நனைந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை.

பல்கீஸ் கீழே இறங்க வேண்டும் என்றாள். குழாய் நீளம், ஜன்னல் வழியாக வரும். நான் ஒரு கையில் குடையைப் பிடித்து அவளை அணைத்துக்கொண்டேன். ரியாஸுக்கு அனுப்பச் சொல்லியிருந்ததால் இன்னொரு கையில் போன். அவள் மூன்று அடி நடந்தாள். குடையைத் தள்ளிவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையைப் பார்ப்பது போல மலையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ மலையே. எங்க ஊருப் பிள்ளைக வருஷா வருஷம் ஒன் பேர மனப்பாடம் பண்ணிப் பரிட்சை எழுதுதுக. நீ ஒரு நாளாவது அங்குட்டுத் திரும்பிப் பாத்துருக்கியா? இம்புட்டையும் ஒருத்தியே வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? இன்னைக்கு நானே வந்துட்டேன். என் பங்கக் குடு."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள். கை நிறைந்து வழிந்தது. அதை முகத்தில் அறைந்து கழுவிக்கொண்டாள். பிறகு இருமல் வந்தது. நானும் சையதும் பதறிப்போய்த் தூக்கப் போனோம். இருமலுக்கு நடுவே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "கேக்க வேண்டியதக் கேட்டாச்சு, வண்டிய எடு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் அடங்கவில்லை. தொண்டிக் கடற்கரை, வைகை அணை, காளையார்கோவில் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அதைப் பார்க்க என்று போய்க்கொண்டே இருந்தாள். தான் படுத்திருந்த நாள்களில் வண்டி சும்மா நிற்கக் கூடாது என்பாள். புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கி, உமித் தூசியில் நெஞ்சு கெட்டு, இவளைப் போலவே மெஷினோடு கிடந்த ஒருவரைக் குடும்பத்தோடு கடலுக்கு அனுப்பி வைத்தாள். அவர் அடுத்து எங்கே போகலாம் என்று இப்போது சையதுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறார். வண்டி நிற்காது. நான் நிற்கவிட மாட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை ரியாஸ் விமானம் பிடித்து வந்து முகம் பார்த்த பிறகு, மஃரிபுக்கு முன்னால் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்தார்கள். ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய நாத்தனார் ஜுபைதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம், கடைசிக் காலம் முழுக்க ஒரு குழாயில் கட்டிப்போட்ட மாதிரிக் கிடந்துவிட்டாள் என்று சொன்னாள். மற்றவர்களும் ஆமாம், பாவம் என்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மையத்து வீட்டில் சத்தம் போடக்கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது கணவாயில் எடுத்த அந்தச் சின்ன வீடியோ ஒன்றுதான். அதைப் போட்டு ஜுபைதாவின் கையில் கொடுத்தேன். மழை இரைந்தது. பல்கீஸ் இடுப்பில் கை வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க வந்தார்கள். "என் பங்கக் குடு" என்று அவள் கேட்டபோது யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தோம், அழுதுகொண்டேதான். ஜுபைதா போனைத் திருப்பித் தரவில்லை.

"இன்னொரு தடவ போடுங்க டீச்சர்" என்றாள். "மழைச் சத்தத்துல மலைக்குச் சரியாக் கேட்டுருக்காது."

போட்டேன்.